கொல்லையில் அடாவடி செய்யும் காகம், மைனா: சிட்டுக்கும் கோழிக்குஞ்சுக்கும் என்ன வழி?

“காக்காய்க்கு வைக்க ஏதாச்சும் மருந்து இருக்கா சார்?” பொன்னமராவதி வட்டாரத்தில் நிலக்கடலை, உளுந்து பற்றிப் பேசி முடித்துக் கிளம்பும் நேரத்தில் வீட்டுப் பெண்கள் கேட்கும் கேள்வி இது. வலையப்பட்டியிலும் கேட்டிருக்கிறார்கள், காரையூர்ப் பக்கமும் கேட்டிருக்கிறார்கள். பத்துக் குஞ்சு பொரித்த கோழியின் பின்னால் பதினைந்தாம் நாள் நாலைந்துதான் நடக்கிறது என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. நாட்டுக்கோழி இன்று விற்கும் விலைக்கு, ஓர் ஈட்டில் ஐந்து குஞ்சு போவது சின்ன நட்டம் அல்ல. அதிலும் கோழி விற்ற காசு பெரும்பாலும் அந்தப் பெண்ணின் கையில் நேராகச் சேரும் காசு. பிள்ளையின் நோட்டுப் புத்தகமும் மகளிர் குழுத் தவணையும் அதிலிருந்துதான் போகின்றன.

குஞ்சோடு முடிவதில்லை. முற்றத்தில் கம்பு தூவினால் சிட்டுக்குருவி இறங்குவதற்குள் காகம் இறங்கிவிடுகிறது. அது சிட்டைத் துரத்தக்கூட வேண்டாம், பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே போதும். ஓட்டு வீட்டு இறவாரத்தில் சிட்டு கட்டிய கூட்டை மைனா ஜோடி பிய்த்து எறிந்துவிட்டுத் தான் குடியேறுகிறது. தண்ணீர்ச் சட்டியில் காகம் எலும்பைக் கொண்டுவந்து ஊறவைக்கிறது. பிறகு அந்தத் தண்ணீரை எந்தப் பறவையும் குடிப்பதில்லை, கோழி மட்டும் குடிக்கிறது. வம்பு அங்கேதான்.

மருந்துக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு மருந்து இல்லை. குருணை மருந்தைச் சோற்றில் பிசைந்து வைப்பதும், எலி மருந்தைக் கோழிக்குடலில் தடவி வைப்பதும் சில இடங்களில் நடக்கிறது. அதைத் தின்பது காகம் மட்டும் அல்ல. தெருநாய் தின்னும், பூனை தின்னும், உங்கள் கோழியே கொத்தும். செத்த காகத்தை இழுத்துப்போகும் கீரியும் சாகும். விராலிமலையை வைத்திருக்கும் மாவட்டம் நம்முடையது. மயில் இல்லாத கொல்லை குறைவு. விஷத் தானியத்தை மயில் தின்று செத்தால், வைத்தது காக்கைக்குத்தான் என்று வனத்துறையிடம் சொல்லித் தப்ப முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் மயில் இருக்கிறது. கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. காகத்தைப் பற்றியும் பழைய நினைப்பு ஒன்று ஊரில் உண்டு. எலி, பழந்தின்னி வௌவாலோடு காகமும் முன்பு அதே சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில், தொல்லை தரும் உயிரினங்கள் பட்டியலில் இருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்த அட்டவணையே எடுக்கப்பட்டுவிட்டது. திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

சட்டத்தை விடுங்கள். கொன்று குறைக்க முடியுமா என்று பார்த்தாலும் கணக்கு இடிக்கிறது. நம் வீட்டுக் காகம் கப்பலேறிக் கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போய்ப் பல்கிப் பெருகிவிட்டது. அங்குள்ள சிறு பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது, கோழிப்பண்ணையிலும் புகுகிறது என்று கென்ய அரசு 2024-இல் பத்து லட்சம் காகங்களை ஒழிக்கப்போவதாக அறிவித்தது. ஓர் அரசு, அதற்கென்று பயிற்சி பெற்ற ஆட்களை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டும் வேலை அது. அங்கே காகம் வெளியூர்ப் பறவை. இங்கே அது மண்ணின் பறவை. குயிலுக்கு வளர்ப்புத் தாயும் அதுதான். குயில் தன் முட்டையைக் காகக் கூட்டில்தான் இடுகிறது என்பதால், மரத்து மரம் ஏறிக் காகக் கூட்டைக் கலைத்தால் குயில் குஞ்சும் சேர்ந்தே விழும். ஒரு கொல்லையில் பத்துக் காகத்தைக் கொன்றாலும், அங்கே கிடக்கும் தீனி அப்படியே இருந்தால் அடுத்த தெருவில் இருந்து வேறு பத்து வரும். இதுதான் விஷயத்தின் மையம். காகத்தின் எண்ணிக்கையை முடிவு செய்வது நாம் வெளியே போடும் சோறும் கறிக்கழிவும்.

வயலுக்குத் தோழன், கூரைக்கு ரவுடி

மைனாவின் கதை இன்னும் சுவையானது. வேளாண் கல்லூரியில் பூச்சியியல் படித்த எல்லோருக்கும் தெரிந்த செய்தி ஒன்று உண்டு. மொரீஷியஸ் தீவில் கரும்பை அழித்த செவ்வெட்டுக்கிளியைக் கட்டுப்படுத்த 1762-இல் இந்தியாவிலிருந்து மைனாவைக் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு நாட்டு உயிரினத்தை இன்னொரு நாட்டுப் பூச்சிக்கு எதிரியாக இறக்கியதற்கு முதல் எடுத்துக்காட்டு என்று பாடப்புத்தகம் இதைச் சொல்லும். மைனாவின் அறிவியல் பெயரில் முதல் பாதிக்கு வெட்டுக்கிளி வேட்டையாடி என்றுதான் பொருள். ஏர் ஓட்டும்போதும் டிராக்டர் ஓடும்போதும் பின்னாலேயே நடந்து புழுப் பொறுக்குவதை நாம் பார்க்கிறோமே, அதே குணம்தான்.

இதை நம்பி ஆஸ்திரேலியாவும் 1862-இல் மெல்போர்ன் காய்கறித் தோட்டங்களுக்கு மைனாவை இறக்குமதி செய்தது. பிறகு கரும்புக்காகக் குயின்ஸ்லாந்துக்கும் கொண்டுபோனார்கள். பூச்சி ஒழிந்ததோ இல்லையோ, மைனா நகரத்துக்குக் குடிபெயர்ந்து, அந்த ஊர்க் கிளிகளின் மரப்பொந்துகளைப் பிடுங்கிக்கொண்டது. 2000-ஆம் ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட, உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகளின் பட்டியலில் பறவைகள் மூன்றே மூன்று. அதில் ஒன்று நம் மைனா. இன்னொன்று நம் கொல்லையில் கொய்யாப் பழம் தின்னும் சாதுவான கொண்டைக்குருவி என்றால் பலர் நம்பமாட்டார்கள்.

சொந்த ஊரில் மைனாவுக்கு எதிரிகளும் போட்டியும் உண்டு என்பதால் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் பொந்துக்கு அலையும் புத்தி மட்டும் மாறவில்லை. பனைகள் குறைந்தன, பட்டுப்போன மரத்தை நிற்க விடுவதில்லை. பொன்னமராவதியைச் சுற்றியுள்ள ஊர்களில் வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் காற்றுத் துளைகளும் உடைந்த ஓட்டுச் சந்துகளும்தான் மைனாவுக்கு மிச்சம். அதே சந்துகளைத்தான் சிட்டும் நம்பியிருக்கிறது. மைனா நூறு கிராமுக்கு மேல் எடை உள்ளது, சிட்டு முப்பது கிராம் கூட இல்லை. முடிவு என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பஞ்சாரமே முதல் மருந்து

கோழிக்குஞ்சு விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். காகம் தூக்குவது முதல் மூன்று, நான்கு வாரக் குஞ்சைத்தான். அந்த நாட்களைக் கடத்திவிட்டால் பாதி வேலை முடிந்தது. நம் பாட்டிமார் பஞ்சாரம் கவிழ்த்தது இதற்குத்தான். இப்போது பல வீடுகளில் பஞ்சாரம் பரணில் கிடக்கிறது, குஞ்சு முதல் நாளே வீதிக்கு வந்துவிடுகிறது. முதல் பத்து நாள் தாயையும் குஞ்சையும் பஞ்சாரத்துக்குள்ளேயே வைத்து உடைத்த அரிசியோ கம்போ, தண்ணீரோ உள்ளே கொடுங்கள். நண்பகலில் வெயில் படாத இடமாக மாற்றி வையுங்கள். பத்து நாளுக்குப் பிறகு மாலை நான்கு மணிக்கு மேல் ஆள் இருக்கும்போது திறந்துவிடலாம். கம்பெனிக் குஞ்சுத்தீவனம் கொஞ்சம் சேர்த்தால் குஞ்சு சீக்கிரம் தேறும். காகத்தின் அலகுக்குச் சிக்காத அளவுக்கு வளர்வது ஒரு வாரம் முந்தினாலும் லாபம்தானே.

தாய்க்கோழியின் குணமும் இதில் இருக்கிறது. சிறுவிடைப் பெட்டை அடைகாப்பதிலும் குஞ்சைக் காப்பதிலும் பெயர்பெற்றது. காகம் தாழப் பறந்தாலே இறக்கையை விரித்துப் பாயும். இன்குபேட்டரில் பொரித்து வாங்கிவந்த குஞ்சுக்குத் தாயும் இல்லை, பயமும் இல்லை. அவற்றுக்குக் கூண்டோ வலையோ கட்டாயம். பழைய மீன்வலையை மேலே கட்டுபவர்கள் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். தொங்கும் வலையில் ஆந்தையும் சாரைப்பாம்பும் மாட்டிக்கொண்டு சாகும். கொஞ்சம் செலவானாலும் நிழல்வலை நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காணாமல் போன குஞ்சை எல்லாம் காகத்தின் கணக்கில் எழுதுவது நியாயம் இல்லை. கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் நிற்கும் நோஞ்சான் குஞ்சைத்தான் காகம் முதலில் பார்க்கிறது. அது பல நேரங்களில் வெள்ளைக்கழிச்சல் பிடித்த குஞ்சு. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டு மருந்தும், எட்டாம் வாரம் இறக்கையில் போடும் ஊசியும் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் கிடைக்கும். நாலு கோழிக்கு எதற்கு ஊசி என்று விட்டுவிடாதீர்கள்.

கோழிகளுக்குள்ளேயே ஒன்றை ஒன்று கொத்தி விரட்டுவது தனிக் கதை. நெரிசலும் ஒரே தீவனத் தட்டும்தான் பெரும்பாலும் காரணம். தட்டை இரண்டாக்கி எதிரெதிர் மூலையில் வைத்தாலே சண்டை பாதி அடங்கும். கின்னிக்கோழி வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வல்லூறையும் பாம்பையும் கண்டால் ஊரைக் கூட்டும் நல்ல காவல்காரன் அது. ஆனால் தீவனத் தட்டில் நாட்டுக்கோழியை அண்ட விடாது. தனியாகத் தீனி வையுங்கள்.

காக்கைச் சோறு: நிறுத்த வேண்டாம், நேரம் குறியுங்கள்

காக்கைக்குச் சோறு வைப்பதை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்க வேண்டியதும் இல்லை. அமாவாசைக்கும் திவசத்துக்கும் வைக்கும் பிடி சோற்றால் எந்தக் கெடுதலும் கிடையாது. கெடுதல் எதில் என்றால், மிஞ்சிய சோறு, குழம்பு, மீன்முள் எல்லாவற்றையும் கொல்லைப்புறச் சுவரோரம் கொட்டி நாள் முழுக்கக் கிடக்க விடுவதில். பத்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும், தினமும் ஒரே நேரத்தில், மொட்டைமாடியிலோ வாசல் மதிலிலோ வையுங்கள். காகம் அந்த நேரத்துக்கு அங்கே வரும், தின்றுவிட்டுப் போய்விடும். கோழியும் சிட்டும் புழங்கும் கொல்லையில் அதற்கு வேலை இருக்கக் கூடாது.

வீட்டளவில் முடியாத ஒன்றும் உண்டு, அது கோழிக்கடைக் கழிவு. சாலையோரப் பாலத்தடியிலும் ஊரணிக் கரையிலும் மூட்டையாகப் போட்டுவிட்டுப் போகிறார்கள். காகமும் நாயும் பெருகுவது அங்கிருந்துதான். குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைப்பது பெரிய செலவு அல்ல. கிராமசபையில் இதை எழுப்புங்கள். தூய்மைக் காவலர்கள் தலையில் மட்டும் கட்டிவிட்டுப் போகிற வேலை அல்ல இது. 2021 தொடக்கத்தில் ராஜஸ்தானில் காகங்கள் கொத்தாகச் செத்து, பறவைக் காய்ச்சல் என்று உறுதியானது நினைவிருக்கலாம். உங்கள் ஊரில் ஒரே இடத்தில் சில காகங்கள் செத்துக் கிடந்தால் கையால் தொடாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். காகம் எச்சமிட்ட தண்ணீரைக் கோழி குடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்வதும் இதனால்தான்.

சிட்டுக்குத் தனிப் பந்தி

சிட்டுக்குத் தீனி வைக்க விரும்புபவர்கள் சமைத்த எதையும் வைக்காதீர்கள். சோறு, முறுக்கு, ரொட்டி வைத்தால் அது காகத்துக்கும் மைனாவுக்கும் வைத்த அழைப்பு. கம்பு, தினை, குருணை அரிசி மட்டும் போதும். அதையும் திறந்தவெளியில் தூவாமல், ஒன்றரை அங்குலக் கட்டம் உள்ள கம்பிவலையால் ஒரு பெட்டி செய்து அதற்குள் வையுங்கள். சிட்டும் சில்லையும் கட்டத்துக்குள் நுழைந்துவிடும், மைனாவும் காகமும் புறாவும் வெளியே நிற்கும். தட்டை நடுவில் வைக்க வேண்டும், ஓரமாக வைத்தால் காகம் அலகை விட்டு இழுத்துவிடும். கம்பிவலை வாங்க வேண்டாம் என்றால், சந்து அகலமாகப் பின்னிய பழைய மூங்கில் பஞ்சாரம் ஒன்றை மதில் மேல் கவிழ்த்துக் கயிற்றால் கட்டுங்கள். அதே வேலையைச் செய்யும். பூனை பதுங்க இடம் இல்லாத இடமாக இருக்கட்டும்.

கூட்டுப்பெட்டி மாட்டுபவர்களுக்கு ஓட்டையின் அளவுதான் எல்லாம். 32 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் அங்குலம். இதில் சிட்டு நுழையும், மைனா நுழையாது. கடையில் விற்கும் பெட்டிகள் சிலவற்றில் இரண்டு அங்குல ஓட்டை இருக்கிறது. அது மைனாவுக்குக் கட்டிய வீடு. ஓட்டைக்குக் கீழே அழகுக்கு ஒரு குச்சி செருகியிருப்பார்கள், அதைப் பிடுங்கிவிடுங்கள். சிட்டுக்கு அது தேவையில்லை, காகமும் மைனாவும் உட்கார்ந்து உள்ளே கொத்தத்தான் உதவும். ஓட்டையில் இருந்து அடித்தளம் ஐந்தாறு அங்குலம் ஆழமாக இருந்தால் அலகு குஞ்சை எட்டாது. மேற்கு வெயில் படாமல், எட்டடிக்கு மேல், தை பிறந்ததும் மாட்டுங்கள். ஒரே பெட்டியை மாட்டி மூன்று மாதத்தில் சலித்துப்போக வேண்டாம். சிட்டு கூட்டமாக வாழும் பறவை. நாலைந்து பெட்டி பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் நம்பி வரும். கூடு கட்டிய சிட்டு குஞ்சுக்கு ஊட்டுவது தானியம் அல்ல, புழுவும் பூச்சியும். உங்கள் கத்தரிச் செடிக்கும் அவரைப் பந்தலுக்கும் அது கூலி வாங்காத ஆள்.

பெட்டியும் தீனியும் இருந்தும் சிட்டு வராத வீடுகளில் பெரும்பாலும் இல்லாதது புதர். காகம் பாயும்போது ஒளிய இடம் வேண்டும். முன்பு நம் கொல்லைகளுக்குக் கிளுவையும் கள்ளியும் வேலி. இப்போது கல்லுக்கால் ஊன்றிக் கம்பி கட்டிவிட்டோம், சுற்றிலும் இருப்பது தைலமரம். கம்பி வேலியை ஒட்டியே மருதாணி, எலுமிச்சை, கொடுக்காப்புளி என்று பத்தடி நீளத்துக்கு நெருக்கி நட்டு, வெட்டி வெட்டி அடர்த்தியாக வையுங்கள். முள்ளுக்குள் காகம் நுழையாது. தையல்சிட்டும் கொண்டைக்குருவியும் அங்கேயே கூடு வைக்கும்.

பளபளக்கும் ரிப்பன், பழைய சிடி, கறுப்புத் துணி எல்லாம் கட்டிப் பார்க்கிறார்கள். சில நாள் பலிக்கும். நிலக்கடலை விதைத்து முளை வரும்வரை காகத்தைத் தள்ளி வைக்க அது போதும், ஆனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்ற வேண்டும். நிரந்தரத் தீர்வு என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். காகம் மறக்காத பறவை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2006-இல் ஒரு முகமூடி அணிந்து சில காகங்களைப் பிடித்து விட்டார்கள். பல ஆண்டு கழித்தும் அந்த முகமூடியைக் கண்டால் அந்த வட்டாரக் காகங்கள் கூடிக் கத்தின. அது வேறு இனம், ஆனாலும் நம் காகத்திடம் கல் எறிந்து பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

காகத்தையே விரட்டும் கரிச்சான்

கொல்லையில் காகத்தை அடக்க ஆள் வேண்டும் என்றால் இயற்கையே ஒருவரை வைத்திருக்கிறது. இரட்டைவால் குருவி என்று நாம் சொல்லும் கரிச்சான். ஐம்பது கிராம் எடைதான் இருக்கும். காகம் அதைப்போல் ஐந்தாறு மடங்கு. ஆனாலும் கூடு கட்டிய கரிச்சான் காகத்தையும் பருந்தையும் முதுகில் ஏறிக் கொத்தித் துரத்தும். வடக்கே இதற்குக் கொத்தவால் என்றே பெயர். மாம்பழக்குருவியும் புறாவும் கொண்டைக்குருவியும் இதன் கூட்டுக்கு அருகிலேயே தம் கூட்டை அமைத்துக்கொள்வது, இந்தக் காவல் கிடைக்கும் என்றுதான். அதுவும் முழுச் சாது அல்ல. வல்லூறு போலக் குரல் கொடுத்து மைனாவைப் பயமுறுத்திவிட்டு அது விட்டுப்போன புழுவைத் தின்னும் திருட்டுப்பயல்.

கரிச்சான் தங்க வேண்டுமானால் கிளை விரிந்த வேம்போ கருவேலமோ ஒன்று கொல்லையில் நிற்க வேண்டும். பூச்சி கிடைக்க வேண்டும், அதாவது வாரம் ஒருமுறை பூச்சிக்கொல்லி அடிக்கும் தோட்டமாக இருக்கக் கூடாது. கொல்லையை ஒட்டி உளுந்தோ நிலக்கடலையோ இருந்தால் ஏக்கருக்கு இருபது ‘டி’ வடிவக் குச்சிகளை, பயிருக்கு ஒன்றிரண்டு அடி மேலே இருக்கும்படி ஊன்றுங்கள். கரிச்சான் அதில் உட்கார்ந்து பச்சைப்புழுவையும் அந்துப்பூச்சியையும் பிடிக்கும். மைனாவும் வரும், அங்கே வரட்டும். கம்பு, சோளத்தில் ஊன்றிய குச்சிகளை மட்டும் கதிர் பால் பிடிக்கும்போது பிடுங்கிவிடுங்கள். அதற்குப் பிறகு அதில் வந்து உட்காருவது தானியம் தின்னும் கூட்டம்.